பையும் டையும்

— அந்தப் பேரை இன்னொரு தடவை சொல்லு பேட்டா. மெதுவா சொல்லு, என் நாக்குக்கும் வரணும்ல.

— பைக்ரோமேட், பூப்பி. பொட்டாசியம் பைக்ரோமேட். எத்தனை தடவைதான் சொல்றது?

— அத்தை கேக்கறப்பெல்லாம் சொல்லு. ஆயிரத்துக்கு மேல ஆட்டுத்தோலு அப்பளமா கெடக்குது. மடிச்சா படக்குனு ஒடியுது. என் புருஷன், உன் பூப்பா, மௌத்தான பொறவு பர்தாவுக்குள்ள ஒக்காந்தே இந்த ஷெட்டை நடத்திக்கிட்டு வர்றேன். ஆவாரம்பட்டைத் தண்ணியில பதம் பண்ணின வரைக்கும் ஒரு தோலு கெட்டதில்லை. முனவ்வர் பேகம் சரக்குன்னா மெட்ராஸ்காரன் பிரிச்சுக்கூடப் பாக்க மாட்டான். நாளைக்கு சரக்கு பாக்க மெட்ராஸ்லேர்ந்து அந்த தொரை கம்பெனி ஆளு வர்றாரு. எப்படிக் கெட்டுதுன்னு கேட்டா இன்னா சொல்றது?

— வீரபாகு மேஸ்திரி கெடுத்துட்டான்னு சொல்லுங்க. முடிஞ்சிது. அதை விட்டுட்டு, அவன் பொண்டாட்டியை எதிர்ல ஒக்கார வச்சுக்கிட்டு என்னை விசாரணை பண்றீங்க. உருதுவுல கேளுங்க, பதில் சொல்றேன்.

— அவ புருஷனைப் பத்திப் பேசறோம். அவளுக்குப் புரியற பாஷையில பேசறதுதான் மரியாதை. தமிழ்லயே சொல்லு. இன்னா தாயாரு, மோர் குடிச்சியா?

— ஆச்சு பீபிம்மா.

— ம். இப்ப சொல்லு ஆபித். பைக்ரோமேட்டுல பைன்னா இன்னா?

— லத்தீன் வார்த்தை, பூப்பி. சயின்ஸ்ல எந்தப் பேருக்கு முன்னால பை வந்தாலும் ரெண்டுன்னு அர்த்தம். இதுல குரோமியம் ரெண்டு பங்கு இருக்குது. அதான் பைக்ரோமேட்.

— நான் கோணிப்பைன்னு நெனச்சேன் சின்ன சாயபு. பையில வர்ற குரோமேட்டுன்னு.

— உனக்குக் கோணிதான் தெரியும். அது பையில வரலை, பீப்பாய்ல வந்துது.

— அப்ப பீப்பாய்னா ரெண்டு பாயுங்களா?

— பூப்பி, இவ சிரிக்கிறா!

— அவ எங்க சிரிச்சா? நான்தான் சிரிச்சேன். கோச்சுக்காத பேட்டா. ரெண்டு வருஷம் மெட்ராஸ்ல தோல் படிப்பு படிச்சுட்டு வந்திருக்கே, நாங்க படிக்காத ஜனங்க. வேற எதுல வருது இந்தப் பை?

— நெறைய இருக்குது. பைசிக்கிள். சக்கரம் ரெண்டு.

— சரி.

— பைகார்பனேட். நீங்க ஆப்பத்துக்குப் போடற சோடா உப்பு. அப்புறம் பைசெப்ஸ், புஜத்துச் சதை, அதுக்கு ரெண்டு தலை. பைசெக்ட்னா நடுவுல ரெண்டா வெட்டறது. பிஸ்கோத்துகூட இந்தக் குடும்பம்தான். ரெண்டு தடவை சுட்டதுன்னு அர்த்தம்.

— நீயும் பரீட்சையை ரெண்டு தடவை எழுதினியே. நீயும் பிஸ்கோத்துதான்.

— பூப்பி!

— சொல்லு சொல்லு, நல்லாயிருக்குது.

— உங்க மூக்கு மேல இருக்கறதே பைஃபோகல். வேலூர் கண் டாக்டர் கொடுத்தாரே. மேல் பாதி தூரத்துக்கு, கீழ் பாதி கிட்டத்துக்கு.

— ஓஹோ. அதான் சங்கதி. நீ மெட்ராஸ்ல இருந்தப்ப மேல் கண்ணாடியால பாத்தேன். அவ்வளவு அழகா தெரிஞ்சே. இப்ப வீட்டுக்கே வந்துட்டே, கீழ் கண்ணாடியால பாக்க வேண்டியிருக்குது.

— பயாஸ்கோப்புங்களா சின்ன சாயபு? குடியாத்தத்துல கொட்டாய் போட்டிருந்தாங்களே.

— அதுவும்... அதுவும் ரெண்டுதான். ரெண்டு கண்ணால பாக்கறோம்ல.

— ஒத்தைக் கண்ணு இருக்கறவன் போனா உள்ள உட மாட்டானுங்களா?

— நீ சும்மா இரு தாயாரு. பேட்டா, ஊரு பூரா என்னைப் பீபின்னு கூப்புடுதே. உன் கணக்குப்படி ரெண்டும் ரெண்டும் நாலு. அதான் நாலு ஆம்பளை வேலையை ஒருத்தி பாத்துக்கிட்டிருக்கேன் போல.

— பீபி உருது! அது வேற, இது வேற. நீங்க கேலி பண்றதுக்குத்தான் கூப்பிட்டீங்கன்னா நான் ஷெட்டுக்குப் போறேன்.

— ஒக்காரு. ஷெட்டுல உனக்கு இன்னா வேலை மிச்சம் இருக்குது? ஒடியற தோலை ஒடிச்சுப் பாக்கப் போறியா? ஒக்காருன்னேன்ல. அன்னிக்கு தொட்டிக்கிட்ட நடந்ததைச் சொல்லு.

— எத்தனை தடவை? நான் அளவு சொன்னேன். அந்த ஆளு ரெண்டு மடங்கு கொட்டிட்டான். கூட ஆசிட்டும் இருக்குது. தோலு வெந்துபோச்சு.

— அவரா கொட்டலைங்க பீபிம்மா. சின்ன சாயபு பக்கத்துல நாற்காலி போட்டு ஒக்காந்திருந்தாரு. மொதல் பீப்பாயிலேர்ந்து ஒரு பங்கு அளந்து போடுன்னாரு, எங்க ஊட்டுக்காரரு போட்டாரு. ரெண்டாவது பீப்பாயிலேர்ந்தும் ஒரு பங்கு அளந்து போடுன்னாரு, போட்டாரு. நானும் அங்கதான் தோலு அலசிக்கிட்டிருந்தேன். அந்தத் தண்ணியில தோலைப் பொரட்டறதுக்கு எங்க ஊட்டுக்காரரு கம்பு கேட்டாரு. கம்பால பொரட்டினா கீறல் விழும், கையால பொரட்டுன்னாரு சின்ன சாயபு.

— ரெண்டும் வேற வேற மருந்து தாயாரம்மா! தனித்தனி அளவு. நான் சொன்ன அளவு சரிதான். உன் புருஷன் குறிச்சுக்காம அளந்தான்.

— அவருக்கு எழுதத் தெரியாதுங்க. உங்க வாயைப் பாத்து அளந்தாரு.

— இப்ப அந்த ஆளு கை எப்படி இருக்குது தாயாரு?

— வெரல் மூட்டு மேல எல்லாம் குழி குழியா உழுந்துருக்குதும்மா. ஆணி அடிச்சுப் புடுங்கினாப்புல. சோத்தைப் பெசைய முடியலை, நான்தான் ஊட்டறேன். மூக்குக்குள்ளயும் எரியுதுங்கறாரு. மொதல் ரெண்டு நாளு, அது பாட்டுக்கு ஆறிடும்னு வெறும் தேங்கா எண்ணெயைத் தடவிக்கிட்டே வேலைக்குப் போனாரு. மூணாம் நாளு தோலு ஒடிஞ்சுது. தொட்டிக்காரங்க அத்தனை பேரு எதிர்லயும், தலைப்பாவைக் கழட்டி வச்சுட்டு வெளிய போன்னுட்டாரு சின்ன சாயபு. பதினெட்டு வயசுல மேஸ்திரியா ஆனப்ப கட்டின தலைப்பா. வெறுந்தலையோட ஊட்டுக்கு வந்தாரு.

— கையில வர்றது எல்லா குரோம் ஷெட்டுலயும் வர்றதுதான் பூப்பி. புத்தகத்துலயே போட்டிருக்குது. பெரும்பாலும் பைலேட்டரல்.

— அப்படின்னா?

— ரெண்டு கையிலயும் வரும்னு.

— தாயாரு, உன் புருஷனுக்கு எத்தனை கையில வந்துருக்குது?

— ரெண்டு கையிலயும்தாம்மா.

— அப்ப புத்தகம் சரியாத்தான் போட்டிருக்குது. வராம இருக்க இன்னா பண்ணணும்னு போடலையா?

— போட்டிருக்குது. வாஸ்லின் பூசணும். கையை பைவீக்லி பாக்கணும்.

— இதுலயும் பையா! வாரத்துக்கு ரெண்டு தடவையா, ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவையா?

— அது... ரெண்டு விதமாவும் எடுத்துக்கலாம்.

— நீ எப்படி எடுத்துக்கிட்டே?

— ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவைன்னு. ரெண்டு வாரம் இன்னும் ஆவலை பூப்பி.

— அல்லா. ஆவறதுக்குள்ள அந்த ஆளுக்கு வெரலே இருக்காது. வாஸ்லினாவது குடுத்தியா?

— ஆர்டர் போட்டிருக்கேன்.

— நல்லது. இப்ப அந்தத் துணியை எடு. அதோ, அந்த ரெண்டு தட்டை மூடியிருக்கே, அதுதான். தாயாரு, நீ தள்ளி ஒக்காரு, மேல பட்டுடப் போவுது.

— இது எதுக்கு இங்க? வெத்தலைத் தட்டுல யாராவது பைக்ரோமேட் வைப்பாங்களா!

— கழுவிக்கறேன். நம்ம கிட்டங்கியில ரெண்டு பீப்பாய் கெடக்குது. ஒண்ணு பைக்ரோமேட். இன்னொண்ணு பேரு இன்னா?

— டைக்ரோமேட்.

— டைன்னா, நீங்க கழுத்துல கட்டிக்கிட்டு வந்தீங்களே சின்ன சாயபு, அதுங்களா? ஷெட்டு நாய்ங்ககூட கொலைச்சுதே.

— தாயாரம்மா, நான் பொறுமையா இருக்கேன்.

— இரு பேட்டா. படிச்சவன் பொறுமையாத்தான் இருக்கணும். இந்த ரெண்டு தட்டுலயும் பாரு. எது பை, எது டை? எனக்கு ரெண்டும் செங்கல் பொடியாட்டந்தான் தெரியுது. படிச்ச கண்ணுக்கு வித்தியாசம் தெரியும்ல?

— தெரியும். கொஞ்சம் வெளிச்சத்துல... ஆங். இது பை. நல்லா சிவப்பு ஏறியிருக்குது. இது டை. பாருங்க, கொஞ்சம் வெளுப்பு. கிறிஸ்டலும் சின்னது. வெள்ளைக்காரன் கண்ணாடி வச்சுப் பாப்பான், நமக்குப் பழக்கத்துல தெரிஞ்சுடும்.

— நல்லாப் பாத்தியா?

— நல்லாப் பாத்துட்டேன்.

— ரெண்டும் ஒரே பீப்பாய்ல அள்ளினது பேட்டா. நானே நின்னு அள்ளச் சொன்னேன்.

— நீங்க... நீங்க எனக்கே பொறி வச்சீங்களா?

— பொறி வைக்கலை. பாத்தேன். காலையில இந்தப் பீப்பாயை வித்த ஏஜெண்டு இஷ்தியாக் அகமது வந்திருந்தாரு. தெரைக்கு இந்தப் பக்கம் ஒக்காந்து பேசினேன். அதை அப்புறம் சொல்றேன். நீ மொதல்ல ஒண்ணு சொல்லு. பை லத்தீன், ரெண்டு. டை எந்த ஊரு?

— கிரீக்.

— கிரீக்குல டைன்னா இன்னா?

— அது வேற மொழி பூப்பி, அதுக்கும் இதுக்கும்...

— வேற மொழிதான். அர்த்தம் இன்னா? உனக்குத் தெரியும். மொகத்துலயே தெரியுது. சொல்லு.

— ரெண்டு.

— சத்தமா சொல்லு. தாயாருக்குக் கேக்கலை.

— ரெண்டு! டைன்னாலும் ரெண்டுதான்.

— அப்ப பைக்ரோமேட்டுன்னா ரெண்டு குரோமியம். டைக்ரோமேட்டுன்னா?

— ...ரெண்டு குரோமியம்.

— அந்த ரெண்டு வேற குரோமியம், இந்த ரெண்டு வேற குரோமியமா?

— யா அல்லா.

— இப்பதான் உனக்குத் தெரிஞ்ச பாஷையில பேசறே.

— ஒண்ணுதானா? ரெண்டும் ஒண்ணுதானா பூப்பி? ஏஜெண்டு இன்னா சொன்னாரு?

— சிரிச்சாரு. தெரைக்கு இந்தப் பக்கமே எனக்குக் கேட்டுது. இங்கிலீஷ்காரன் கம்பெனி பைன்னு எழுதுவானாம், ஜெர்மன்காரன் கம்பெனி டைன்னு எழுதுவானாம். சரக்கு ஒண்ணுதானாம். ஏன்யா எங்க புள்ளைகிட்ட அதைச் சொல்லலைன்னு கேட்டேன். ‘தம்பி ரெண்டு பேர்லயும் கேட்டாரு, நானும் ரெண்டு பேர்லயும் அனுப்பினேன். வேணும்னு கேக்கறவரை வேணாம்னு தடுக்கறதுக்கா நான் ரயிலேறி வர்றேன்’னாரு. வெலையும் வேற வேற போட்டிருக்காரு. ஜெர்மன் பேருக்கு ஜாஸ்தி.

— ராஸ்கல்.

— அவரா, நீயா? ஏண்டா வாங்கினே ரெண்டையும்?

— பழைய புத்தகத்துல பைன்னு போட்டு அளவு போட்டிருந்தான். புதுப் புத்தகத்துல டைன்னு போட்டு அளவு போட்டிருந்தான். ரெண்டு பேரும் பெரிய ஆளுங்க. நான் நெனச்சேன்... ரெண்டையும் சேத்தா இன்னும் நல்லா பதப்படும்னு. ஆம்பூர்ல யாரும் பண்ணாத மாதிரி பண்ணணும்னு நெனச்சேன் பூப்பி. சத்தியமா.

— யாரும் பண்ணாத மாதிரிதான் பண்ணிட்டே. மெட்ராஸ்ல உன் வாத்தியாருக்கு ஒரு வரி எழுதிக் கேட்டிருக்கலாம். அந்த ஏஜெண்டையே கேட்டிருக்கலாம்.

— எப்படிக் கேக்கறது? எறங்கின அன்னிக்கே மாலை போட்டு ஸ்டேஷன்லேர்ந்து கூட்டிக்கிட்டு வந்தீங்க. ஷெட்டுல அத்தனை பேரும் என் வாயையே பாக்கறாங்க. ஒரு வார்த்தைக்கு அர்த்தம் தெரியலைன்னு கேட்டா, ஒண்ணுமே தெரியாதவன்னு ஆயிடும்ல? உங்க பொண்ணு ரஃபத் காதுக்குப் போவும்ல? அடுத்த மாசம் நிக்காஹ். என்னைக் கட்டிக்கப் போற பொண்ணு எதிர்ல நான் எப்படி...

— அழுவாத. கண்ணைத் தொடை. அந்தத் தட்டைத் தொட்ட கையால தொடைக்காத, மடையா! தாயாரு, அந்தச் செம்புத் தண்ணியை அவன் கையில ஊத்து.

— நீட்டுங்க சின்ன சாயபு. எரியுதுங்களா?

— லேசா.

— அவருக்கும் லேசாத்தான் ஆரம்பிச்சுது.

— போதும் தாயாரு. இப்ப ரெண்டு பேரும் கேளுங்க. நாளைக்கு தொரை கம்பெனி ஆளு வந்து கேட்டா, மேஸ்திரி அளவு மாத்திக் கொட்டிட்டான், அவனை அனுப்பிட்டோம்னுதான் சொல்லப் போறேன்.

— பீபிம்மா! இப்பதானே உங்க எதிர்லயே அவரு வாயால...

— ஒத்துக்கிட்டான். அது இந்த நாலு சுவத்துக்குள்ள. உன் புருஷன் மேல தப்பு இல்லைன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு, உனக்கும் தெரிஞ்சுபோச்சு. ஊருக்கு எதுக்கு? மேஸ்திரி கெடுத்தான்னா, வேற மேஸ்திரி வச்சுப்பாங்கன்னு மெட்ராஸ்காரன் அடுத்த சரக்குக்கு ஒத்துக்குவான். மொதலாளியாவப் போற மாப்புள்ளையே கெடுத்தான்னா, முனவ்வர் பேகம் ஷெட்டுல மூளை இல்லைன்னு போயிடுவான். அப்புறம் வீரபாகு மட்டுமா, அத்தனை தொட்டிக்காரங்களும் தெருவுலதான். நான் எல்லாருக்கும் சேத்துத்தான் சொல்றேன்.

— எல்லாருக்கும் சேத்து ஒருத்தர் தலைப்பாவைக் கழட்டறதுங்களா?

— கோவப்படாத. அந்த ஆளு திரும்ப வரட்டும். மேஸ்திரியா வேணாம், அது நல்லா இருக்காது. சுண்ணாம்புத் தொட்டியில போட்டுக்கறேன். மருந்துக்கு நான் ஏற்பாடு பண்றேன், வேலூர் ஆஸ்பத்திரிக்கு ஜட்காவும் நானே அனுப்பறேன். கேட்டவங்ககிட்ட, ஆமா, கை தவறிடுச்சுன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்.

— பூப்பி சொல்றதுதான் சரி தாயாரம்மா. யோசிச்சுப் பாரு. நான் அப்பவே வீரபாகு மேலதான் தப்புன்னு சொன்னேன்ல? அதையே எல்லாரும் சொல்லிட்டா கொழப்பம் இல்லை. பொதுவா ஷெட்டு நடத்தறதுல டிசிப்ளின்னு ஒண்ணு...

— வாயை மூடு ஆபித். அந்த டிசிப்ளின்ல எத்தனை ரெண்டு இருக்குதுன்னு நான் கேக்கறதுக்குள்ள மூடு. நீ சொல்லு தாயாரு. நல்ல ஏற்பாடா இல்லையா? அந்த ஆளை நாளைக்கே அனுப்பறியா?

— சுண்ணாம்புல அந்தக் கையை வைக்க முடியுங்களா பீபிம்மா?

— ஆறின பொறவு வைக்கட்டும். நான் அவசரப்படுத்தலை.

— உங்க மனசு பெருசுதாம்மா. ஆனா நான் வேலை கேட்டு வரலைங்க. அவரு முந்தாநாளே அக்கரையில அப்துல் கஃபார் சாயபு ஷெட்டுல மேஸ்திரியா சேந்துட்டாரு. கை ஆறற வரைக்கும் வாயால சொன்னாப் போதும்னுட்டாங்க.

— கஃபார் ஷெட்டுலயா! அங்க வெறும் பட்டைத் தண்ணிதானே?

— இனிமே அங்கயும் குரோமேட்டுதானாம். உங்க ஏஜெண்டே அங்கயும் ரெண்டு பீப்பாயை எறக்கிட்டுப் போயிருக்காரு. ரெண்டையும் கொட்டறதா, ஒண்ணைக் கொட்டறதான்னு அவங்களுக்கு ஒண்ணும் வெளங்கலை. ஆபித் பாஷா படிச்சவராச்சே, போய் விவரம் கேட்டுக்கிட்டு வான்னு கஃபார் சாயபு ஊட்டம்மாதான் என்னை அனுப்பிச்சாங்க.

— தாயாரு, இரு. ஒக்காரு. எந்திரிக்காத.

— ஒண்ணு போதும்னு போய்ச் சொல்லிடறேன் பீபிம்மா. அந்த தொரை கம்பெனி ஆளு இந்நேரம் அங்க வந்து எறங்கியிருப்பாரு. இன்னிக்கு ராத்தங்கல் அங்கதானாம், இங்க நாளைக்குத்தான் வர்றாராம். அவரும் கேக்கட்டும், சின்ன சாயபு சொன்னதை ஒண்ணுவிடாம அவரு எதிர்லயே சொல்றேன்.